சாக்கடை மூடியின் மேல் பனி

ஸ்கார்பரோ, நகட் அவென்யூ.
எங்கள் சலவைக்கூடத்துக்கும் பஸ் தரிப்புக்கும் நடுவே
ஒரு வட்ட இரும்பு மூடி.
பதினான்கு பனிக்காலம், அதன்மேல் பனி தங்கியதில்லை.
தெருவே வெளுத்துக் கிடக்க
அது மட்டும் கறுத்து, ஈரமாய்,
தண்ணீர் தெளித்த தோசைக்கல் போல ஆவி விடும்.

அதை அழகென்று நினைத்திருந்தேன்.
படம்கூட எடுத்திருக்கிறேன்.

பிறகொரு பிப்ரவரி, எரிவாயு பில்:
ஆறாயிரத்து எண்ணூற்று நாற்பது டாலர்.
அதைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றவளுக்கு
அன்றைக்குத்தான் உறைத்தது,
அந்த ஆவி என் காசு.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நான் சாக்கடையில் போட்டேன்,
அறுபது பாகைச் சூட்டில்,
நாளுக்கு முப்பதாயிரம் லீட்டர்,
அளக்காமல்.

வங்கியில் ஒரு பையன், கழுத்துப்பட்டி புதுசு,
பசுமைக் கடன் என்றொரு தாளைத் தள்ளினான்.
குறைந்தது ஐம்பது ஊழியர் வேண்டுமாம்.
நாங்கள் பதினொரு பேர்.
லிகாயாவின் வயிற்றில் இருப்பதையும் சேர்த்தால்
பன்னிரண்டு என்றேன்.
அவன் சிரிக்கவில்லை. படிவத்தில் அதற்கு இடமில்லை.

பீட்டர்பரோவில் மூடிய பால் ஆலையொன்றில்
வெப்பமாற்றி ஒன்று தூசி மூடிக் கிடந்தது.
வீட்டு அடமானத்தை நீட்டி வாங்கினேன்.
துருவேறாத தகடுகள், ஏடுகள் போல நெருக்கி அடுக்கியவை.
ஒரு பக்கம் அழுக்குச் சுடுநீர் போகும்,
மறுபக்கம் குளிர்ந்த குழாய்நீர் வரும்,
ஒன்றையொன்று தொடாமல் சூடு மாறும்,
பேச்சுவார்த்தையற்ற அண்ணன் தம்பி
ஒரே சுவரின் இருபக்கமும் சாய்ந்து தூங்குவதுபோல.

மூன்றாம் நாளே அடைத்துக்கொண்டது.
துவாய்ப் பஞ்சு.
விடுதித் துவாய்களின் நரைத்த பஞ்சு,
யார் யாருடைய தலைமயிரோ.
தரை முழுக்க நுரை.
என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லாததையும் நுரையோடு சேர்த்து
விளக்குமாற்றால் தள்ளினார்.

லிகாயாதான் கிழிந்த தலையணை உறையொன்றைக்
குழாய்வாயில் கட்டினாள்.
கிழிந்த உறைக்கா இங்கே பஞ்சம்?
மணிக்கு ஒன்று மாற்றுகிறோம்,
எந்தப் பொறியாளரும் கையெழுத்திடாத வடிகட்டி.

அடுத்த பிப்ரவரி:
ஐயாயிரத்து நூற்றுத் தொண்ணூறு.
இருமுறை பார்த்தேன்.
மூன்றாம் முறை கண்ணாடி போட்டுப் பார்த்தேன்.

விடுதியின் கொள்முதல் மேலாளர் வந்தார்.
தகடுகளைத் தட்டிப் பார்த்தார்.
தங்கள் அறைக் கதவெல்லாம்
இனிப் பச்சை இலை ஒட்டலாம் என்று மகிழ்ந்தார்.
அதே மூச்சில்,
உங்களுக்குத்தான் செலவு குறைந்துவிட்டதே,
கிலோவுக்கு நாலு சதம் குறையுங்களேன் என்றார்.
இலை அவருக்கு, காம்பு எனக்கு.
இரண்டு சதத்தில் முடிந்தது.
அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை, அது வேறு கதை.

இப்போது மூடியின்மேல் பனி தங்குகிறது.
முதல்முறை கண்டபோது
உண்டியல் நிறைந்ததுபோல நின்று பார்த்தேன்.

அந்த மூடியில்தான் டெல்ராய் நிற்பார்,
பக்கத்துக் கதவுத் தொழிற்சாலையின் இரவுக் காவலாளி,
விடிய ஐந்தே காலுக்கு, பஸ்ஸுக்காக.
"அடுப்பை அணைத்துவிட்டீர்களா?" என்று கேட்டார்,
கால் மாற்றி மாற்றி வைத்தபடி.

எத்தனை வருடத்தில் போட்ட காசு திரும்பும் என்று
எத்தனை அட்டவணை போட்டிருப்பேன்.
எதிலும் அவர் இல்லை.

பக்கக்கதவைத் தட்டச் சொல்லியிருக்கிறேன்.
உலர்த்தி இயந்திரத்தருகே ஒரு ஸ்டூல்.
"கதவு திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும்
எவ்வளவு சூடு வெளியே போகும், தெரியுமா?"
இயந்திரம் பார்க்கும் தெஸ்ஃபாயே கேட்டான்.
அளந்துவிட்டேன் என்றேன்.

ஐந்து இருபத்தெட்டு.
பஸ் விளக்கு திருப்பத்தில் தெரிகிறது.
டெல்ராய் கையுறையைத் தேடுகிறார்,
அது உலர்த்தியின் மேல் கிடக்கிறது,
சூடாக.